எதற்கெடுத்தாலும் பழி மாற்றிய ஸ்பிரிங் மேலேயா?

"ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்கல்ல சார், அதான்."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று போனால், அதான். ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது என்று போனால், அதான். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று போன அன்றும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வண்டியின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெக்கானிக் இப்படித்தான் ஆரம்பித்தார். ஏசி கம்ப்ரஸருக்கும் ஸ்பிரிங்குக்கும் என்னய்யா சம்பந்தம்?

நான் வைத்திருப்பது மினி கூப்பர் எஸ். மூன்று கதவு, டர்போ பெட்ரோல், கியர் நாமே போடுவது. அதில் நான் மாற்றியது அதிகமில்லை. கம்பெனி உயரத்தை விட 30 மில்லிமீட்டர் தாழ்ந்த ஸ்பிரிங், அந்த நீளத்துக்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர், நல்ல பிரேக் பேட், கம்பெனி அளவிலேயே எடை குறைந்த அலாய் வீல். அவ்வளவுதான். தெருவை எழுப்பும் சைலன்சர் கிடையாது, பின்னால் பெரிய இறக்கை கிடையாது. ஒவ்வொரு பொருளையும் வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் படித்தேன். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும், எதைக் கழற்றினால் புது போல்ட்தான் போட வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரையே எடுத்தேன். அந்தக் காரை ஏதோ விவரம் தெரியாத பையன் கெடுத்து வைத்த வண்டி மாதிரிப் பார்க்கும்போது ரத்தம் கொதிக்கிறது.

லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர், அந்த விஷயத்தைக் கேளுங்கள். பழைய ரப்பர் வெடித்திருந்தது, வயதான வண்டியில் அது இயல்பு. புது புஷ் வாங்கிக் கொடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றச் சொன்னேன். சில மாதங்களிலேயே அதே சத்தம் திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தால் புது ரப்பர் நடுக்குழாயை ஒட்டிக் கிழிந்து கிடக்கிறது. அதற்கும் அதே பதில்தான், ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்கல்ல.

உண்மையில் நடந்தது என்ன தெரியுமா? ரப்பர் புஷ் என்பது பேரிங் மாதிரிச் சுழலும் பொருள் அல்ல. நடுவில் ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் அசையாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு சக்கரம் மேலும் கீழும் போவதற்கெல்லாம் அந்த ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். அதனால் வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசியாக இறுக்க வேண்டும். இவர்கள் செய்தது வேறு. வண்டியை லிஃப்டில் தூக்கி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, ஏர் கன்னை வைத்து டர்ரென்று இறுக்கிவிட்டார்கள். வண்டி கீழே இறங்கிய நொடியிலேயே ரப்பர் முறுகிவிட்டது. ஒரு பள்ளத்தைக்கூடப் பார்க்காமலே அது நாள் முழுக்க முறுகியபடி நிற்கிறது. எத்தனை நாள் தாங்கும்?

தாழ்த்திய வண்டியில் தொங்கும் உயரத்துக்கும் நிற்கும் உயரத்துக்கும் இடைவெளி கூடலாம், அப்போது முறுக்கும் கூடும். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த ஆள் இன்னும் கவனமாக அல்லவா இறுக்கியிருக்க வேண்டும்? கவனமாகச் செய்வதற்கான காரணத்தையே தப்பித்துக்கொள்ளும் காரணமாக மாற்றுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதைச் சொல்லிக் காட்டியபோது வந்த பதில்: "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் பண்றோம், ஒண்ணும் ஆகாது." ஒன்றும் ஆகாது என்றால் கிழிந்த புஷ் எப்படி என் கையில் இருக்கிறது?

அப்புறம், "கம்பெனி குடுத்ததை எதுக்கு சார் தொட்டீங்க" என்று ஒரு உபதேசம் வேறு. யாரிடம், எந்தக் காரைக் காட்டிக் கேட்கிறார்கள் பாருங்கள். இந்தக் காரின் பெயரில் இருக்கும் கூப்பர் ஒரு மனிதரின் பெயர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959இல் வந்தபோது அதில் இருந்தது 848 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன், 10 அங்குலச் சக்கரம். சிக்கனமாக ஊர் சுற்றுவதற்கான வண்டி. ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்த ஜான் கூப்பர்தான் அதைக் கையில் எடுத்து, இதற்குள் இன்னொரு வண்டி இருக்கிறது என்று கண்டுகொண்டவர். 1961இல் மினி கூப்பர் வந்தது. இன்ஜின் 997 சிசி ஆனது, திறன் 55 குதிரைக்கு ஏறியது, அதோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. வேகத்தைக் கூட்டிய அதே கையோடு நிறுத்தும் வசதியையும் கூட்டினார்கள், அதைக் கவனியுங்கள். 1964இல் மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் இந்தச் சின்ன வண்டியில்தான் பெரிய கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார். 1965இலும் 1967இலும் மறுபடி மினிதான் ஜெயித்தது. மாடிஃபிகேஷன் என்பதே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காரே இல்லை. முறையாக மாற்றுவது வேறு, கண்டபடி மாற்றுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர் என் காருக்கு அடியில் படுக்கவே வேண்டாம்.

டயர் கடைக்குப் போனால் வேறு வகைக் கொடுமை. என் காரின் ஹப், அதாவது வீலின் நடு ஓட்டை வந்து உட்காரும் மேடு, 56.1 மில்லிமீட்டர். வெளியில் வாங்கும் அலாய் வீலின் நடு ஓட்டை பெரும்பாலும் அதை விடப் பெரியது, என்னுடையது 67.1. அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் உண்டு, ஸ்பிகாட் ரிங் என்பார்கள். வீல் ஹப்பின் நட்ட நடுவில் உட்கார அதுதான் வழி. டயரை மாற்றிப் பேலன்ஸிங் செய்யக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் கையில் கிடுகிடுவென்று ஆடுகிறது. திரும்பப் போனால் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதவே தேவையில்லை. "வெளி அலாய் போட்டிருக்கீங்கல்ல சார், அப்படித்தான் இருக்கும்." அப்படித்தான் இருக்கும் என்றால் காலையில் ஏன் அப்படி இல்லை? ஜாக்கி போட்டு நானே வீலைக் கழற்றினேன். வலது முன்சக்கரத்தில் ரிங் இல்லை. மெஷினில் மாட்டுவதற்காகப் பிடுங்கிய வளையம் அவர்களுடைய பேலன்ஸிங் மெஷினுக்குப் பக்கத்தில், பழைய ஈய வெயிட்டுகளோடு தரையில் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன், ஆட்டம் நின்றது. ஒரு மன்னிப்பு? ஒரு வார்த்தை? அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.

அதே கடையில் டயரின் பக்கவாட்டில் 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததை உள்பக்கமாகப் போட்டிருந்தார்கள். தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் ஒரு பாதியில், திருப்பத்தில் பிடிக்கும் கட்டைகள் மறு பாதியில் என்று யோசித்துச் செய்த டயர் அது. சின்ன காரின் சுகமே திருப்பத்தில்தான். அந்தச் சுகத்தைத் தலைகீழாக மாட்டி அனுப்புகிறார்கள். காற்று அடிப்பதும் அப்படியே. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் எத்தனை பிஎஸ்ஐ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதைக் குனிந்து பார்க்கும் பழக்கமே இல்லை, முந்தைய வண்டிக்கு எவ்வளவோ அதுவேதான் இதற்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இது உயிர் சம்பந்தப்பட்டது. டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதுவே 155 டிகிரி இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவி, பெடல் தரை வரை போகும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நான் மாற்றச் சொல்லிக் கேட்டால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று மேக்ஸ் கோடு வரை ஊற்றி மூடுகிறார்கள். பேட் தேயத் தேய டாங்கில் அளவு இறங்கத்தான் செய்யும். லீக் எதுவும் இல்லாத வண்டியில் அதை ஊற்றி நிரப்பிவிட்டால், பிறகு புது பேட் போடப் பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் எங்கே போகும்? வழிந்து பெயின்ட் மேல் ஊற்றும். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் உரிந்துவிடும். என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே அப்படி உரிந்த ஒரு இடம் இருக்கிறது, பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் குத்துகிறது.

வாட்டர் வாஷ்? கொடுப்பதையே விட்டுவிட்டேன். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அதே மண்ணோடு பானெட்டில் தேய்ப்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்க வைத்தது டெஸ்ட் டிரைவ். குளிர்ந்து கிடந்த வண்டியை ஒர்க்‌ஷாப் பையன் ஒருவன் எடுத்துப் போனதை டேஷ்கேமில் பிறகு பார்த்தேன். ஸ்டார்ட் செய்த சத்தம். கதவு மூடும் சத்தம். கேட்டைத் தாண்டியதும் முதல் கியரிலேயே இன்ஜின் அலறுகிறது, இரண்டாவது, மறுபடி அலறல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சிரிக்கிறான். ஆயில் இன்னும் சூடாகவில்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், உலோகம் ஒவ்வொன்றும் விரிந்து தன் அளவுக்கு வந்திருக்காது. அந்த நிலையில் ஒரு டர்போ இன்ஜினைக் கடைசி வரை மிதித்தால் தேய்மானம் தேய்மானம்தான். திரும்பி வந்ததும், கொதித்துக்கொண்டிருக்கும் டர்போவுக்கு அரை நிமிடம்கூட மூச்சு விடாமல் சட்டென்று ஆஃப். நான் தினமும் காலையில் இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டாமல் ஓட்டுகிறேன். வீட்டுக்கு வரும் கடைசித் தெருக்களில் மெதுவாக வந்து ஆறவிட்டு நிறுத்துகிறேன். வருடக்கணக்கில் நான் பார்த்துப் பார்த்துக் காத்ததை, பிரேக் பேட் சத்தம் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் போன ஒரு பையன் தன் நண்பனுக்கு வேடிக்கை காட்டிச் செலவழித்துவிட்டு வருகிறான். வீடியோவைக் காட்டினேன். "ஸ்போர்ட்ஸ் கார்தானே சார், அதுக்குத்தானே இருக்கு" என்றார் மேனேஜர். என் பணத்தில் வாங்கிய கார் உங்கள் பையன்கள் விளையாடவா இருக்கிறது? நாளைக்கு இன்ஜின் போனால் அதற்கும் காரணம் ஸ்பிரிங்தான் என்பீர்களா?

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, என்னவெல்லாம் மாற்றியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மேனுவலைத் திறந்து வைத்து வேலை பார்த்த ஒருவர் இருந்தார். இடம் மாறிப் போய்விட்டார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்பது ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. லிஃப்டின் கட்டையைச் சைடு ஸ்கர்ட் பிளாஸ்டிக்கில் வைக்காமல், தூக்குவதற்கென்று அடியில் கொடுத்திருக்கும் நான்கு இடங்களில் வையுங்கள். புஷ்ஷை நிற்கும் உயரத்தில் இறுக்குங்கள். கழற்றிய வளையத்தைத் திரும்பப் போடுங்கள். வீல் போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. ஏர் கன்னால் அதற்கு மேல் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியாது. அப்படி இறுக்கிய போல்ட்டை நடுரோட்டில் பஞ்சராகி நிற்கும்போது வண்டியோடு வந்த ஸ்பேனரால் யாராலும் அசைக்க முடியாது. ஏறி நின்று மிதித்தாலும் வராது. நான் மிதித்துப் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் யார் என் காரைத் தொட்டாலும், நான்கு சக்கரத்தின் போல்ட்டையும், சக்கரத்துக்கு நான்கு, கையால் திருகி, குறுக்கு வரிசையில், சரியான அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச்சால் என் கண் முன்னால் இறுக்க வேண்டும். ரெஞ்ச் உங்களிடம் இல்லையென்றால் என் டிக்கியில் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன். அந்த கிளிக் பதினாறு முறை கேட்ட பிறகுதான் பில்லைப் பற்றிப் பேச்சு.