கோபத்தைக் குறைத்தால் அடி நின்றுவிடுமா?

"மனைவியை அடிப்பவனுக்குக் கோபம்தான் நோய். பத்து நாள் கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு போதும், ஆள் மாறிவிடுவான்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

கோபம் தாங்காதவன் என்றால் மேலதிகாரியையும் அல்லவா அடித்திருக்க வேண்டும்? அங்கே 'சரி சார்' என்பவன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகே கை ஓங்குகிறான். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் குடும்ப வன்முறையைத் தடுக்க உருவான திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்து 1984இல் ஒரு சக்கரம் வரைந்தார்கள். நடுவில் 'அதிகாரமும் கட்டுப்பாடும்'. சுற்றிலும் எட்டுக் கட்டங்கள்: மிரட்டல், காசைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது, பிள்ளைகளைப் பகடையாக்குவது, 'நான் எங்கே அடித்தேன்' என்று சாதிப்பது... கோபத்துக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை.

சரி, இந்தச் சக்கரத்தை வைத்து, அடிக்கும் ஆண்களுக்கு நடத்தும் டுலூத் பாணி வகுப்பு சர்வரோக நிவாரணியா? அதுவும் இல்லை. புளோரிடாவின் பிரோவர்ட் கவுண்டியில் 404 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, வகுப்புக்கு அனுப்பியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மீண்டும் அடிப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அடிக்கும் ஆண்களுக்கான வகுப்புகளைப் பற்றிப் பிரிட்டனில் 2015இல் வெளிவந்த மிரபால் ஆய்விலோ அடி, உதை வெகுவாகக் குறைந்ததாகப் பெண்களே சொன்னார்கள். ஆட்டிவைக்கும் குணம் அந்த அளவுக்குக் குறையவில்லை. (அங்கே குலுக்கல் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்புறம், பிரிட்டனின் தரமான திட்டங்களில் ஆண் வகுப்பில் இருக்கும் காலத்தில் பெண்ணிடம் தனி ஊழியர் ஒருவர் தொடர்பில் இருப்பார். 'மாறிவிட்டேன்' என்று அவன் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.