நிக்ருமாவா? முதலில் கோகோ விலையைப் பாருங்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ருமா பேச்சு வந்தாலே இங்கே இரண்டு கட்சிதான். ஒன்று, "ஆப்பிரிக்காவின் விடிவெள்ளி, வெள்ளைக்காரன் சதி செய்து கவிழ்த்துட்டான்". மற்றது, "உயிரோடு இருக்கும்போதே தனக்குச் சிலை வைத்துக்கொண்ட சர்வாதிகாரி". இரண்டு தரப்பும் கோகோவின் கொள்முதல் விலையைப் பேசுவதே இல்லை. அவர் ஏறியதும் இறங்கியதும் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

1947 டிசம்பரில் அவர் லண்டனிலிருந்து கோல்ட் கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா, அன்று பிரிட்டிஷ் காலனி) திரும்பியபோது கோகோத் தோப்புகள் ஒரு வைரஸால் செத்துக்கொண்டிருந்தன. தண்டு வீங்கும் நோய். மாவுப்பூச்சி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும், மருந்து கிடையாது. நோய்கண்ட மரத்தையும் அதை ஒட்டிய மரங்களையும் வெட்டுவதுதான் ஒரே வழி. பிரிட்டிஷ் அரசு ஆளனுப்பி வெட்டியது. விவசாயி பக்கமிருந்து பாருங்கள்: நோய்கண்ட மரமும் இன்னும் சில வருடம் காய்க்கும். புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர நாலைந்து வருடம். வயிறு எரியுமா எரியாதா? 1948 பிப்ரவரி 28 அன்று தலைநகர் அக்ராவில் ஊர்வலம் போன முன்னாள் ராணுவத்தினர் மூன்று பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நகரத்தில் அந்தக் கோபம், கிராமத்தில் மரம் வெட்டிய கோபம். இரண்டையும் ஒரே கட்சிக்குள் கொண்டுவந்தது நிக்ருமாவின் சாமர்த்தியம். 1951 தேர்தலில் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். வெளியே வந்ததும் கட்டாய வெட்டை நிறுத்தினார்.

இனி 1954. அந்த வருடம் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 400 பவுண்டைத் தாண்டியது. நிக்ருமா அரசோ கொள்முதல் விலையைச் சுமைக்கு 72 ஷில்லிங் என்று சட்டம் போட்டுக் கட்டிவிட்டது. ஒரு சுமை 60 ராத்தல் (காசுப் பவுண்டோடு குழம்பாமலிருக்க எடைக்கு ராத்தல் என்றே வைத்துக்கொள்வோம்). 2,240 ராத்தல் ஒரு டன், அதாவது 37 சுமையும் கொஞ்சமும். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பெருக்கி வகுத்தால் விவசாயி கைக்கு வருவது டன்னுக்கு 134 பவுண்டு. மீதி அரசுக்கு. அடுத்த மாதமே கோகோ விளையும் அசாந்தி பகுதியில், குமாசியில், எதிர்க்கட்சி முளைத்தது. ஆச்சரியப்பட எதுவுமில்லை.

அப்படி எடுத்தது தப்பா? தப்பில்லை என்றே சொல்வேன். அந்த நாட்டில் வரி போட வேறு என்ன இருந்தது? இலவசத் தொடக்கக் கல்வி, தெமா துறைமுகம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கோகோவின் தோளில் எழுந்தவைதான். 1956 தேர்தலில் 104 இடங்களில் 71 அவருக்கு. அசாந்தியின் கோபத்தைத் தாண்டி ஜெயித்தார், 1957 மார்ச் 6 அன்று கானா பிறந்தது.

கெட்டது அதற்கப்புறம்தான். 72 ஷில்லிங் 1959இல் 60 ஆனது. விவசாயிகளே மனமுவந்து 12 ஷில்லிங்கை வளர்ச்சித் திட்டத்துக்குக் கொடுத்தார்களாம்! கட்சி நடத்திய விவசாயிகள் சங்கம் அப்படி அறிவித்தது. 1961இல் கட்டாயச் சேமிப்பு என்று இன்னும் 6 பிடித்தார்கள். அதே வருடம் கோகோ வாங்கும் ஏகபோக உரிமையும் அந்தச் சங்கத்துக்கே போனது. விலை பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் விற்க வழியில்லை. தோப்பு எல்லையோரம் இருந்தால் ஐவரி கோஸ்ட்டுக்கோ டோகோவுக்கோ கடத்தலாம். கடத்தினார்கள்.

இதைத் தட்டிக்கேட்க வேண்டியவர்கள் எங்கே? 1958இலேயே விசாரணையின்றி ஐந்து வருடம் உள்ளே வைக்கச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் உள்ளே போன மூத்த தலைவர் டான்குவா 1965இல் நிசவாம் சிறையிலேயே இறந்தார். 1947இல் நிக்ருமாவை அழைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவர் அவர். "இவரைக் கூப்பிடுங்கள்" என்று பரிந்துரைத்த அகோ அட்ஜேயை, நிக்ருமாவைக் கொல்ல முயன்றதாகப் போட்ட வெடிகுண்டு வழக்கில் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்காகத் தலைமை நீதிபதியையே பதவிநீக்கினார் நிக்ருமா. இதற்குப் பிறகு யார் போய் விலை பற்றிப் பேசுவார்?

வேடிக்கை என்னவென்றால், விவசாயிகள் தங்கள் வேலையை ரொம்ப நன்றாகவே செய்தார்கள். பூச்சிமருந்து தெளித்து, புதுத் தோப்பு வைத்து, 1964-65 பருவத்தில் 5 லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்தார்கள். அத்தனையும் சந்தைக்கு வந்ததும் 1965 நடுவில் உலக விலை டன்னுக்கு 100 பவுண்டுக்கும் கீழே விழுந்தது. விலை ஏறும்வரை சரக்கைப் பிடித்துவைக்கலாம் என்று தெமாவில் பிரம்மாண்டக் கிடங்குகள் கட்டினார்கள். கோகோ விதையில் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கடலோர ஈரக்காற்றில் மலைபோல் கொட்டிவைத்தால் என்ன ஆகும்? அந்தக் கிடங்குகள் பயன்படவே இல்லை. கொள்முதல் விலையை 40 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். டன்னுக்கு 75 பவுண்டுகூட இல்லை.

1966 ஜனவரியில் அகோசோம்போ அணையை நிக்ருமா திறந்துவைத்தார். ஏரிக்காகச் சுமார் 80,000 பேர் ஊரைவிட்டு எழுந்தார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கு அமெரிக்கக் கம்பெனிகளின் அலுமினிய ஆலைக்கு. கானாவிலேயே பாக்சைட் (அலுமினியத் தாது) இருந்தும் அந்த ஆலை அதிலிருந்து எடுக்கும் அலுமினாவை வெளியிலிருந்துதான் இறக்கியது.

பிப்ரவரி 24 அன்று, அவர் ஹனோய் போகும் வழியில் இருந்தபோது, ராணுவமும் போலீஸும் ஆட்சியைப் பிடித்தன. சதி இருந்ததா என்று விவாதியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அக்ரா தெருவில் ஆடிய கூட்டத்தை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. புது அரசு சீக்கிரமே கோகோ கொள்முதல் விலையை ஏற்றியது. அடுத்த வருடம் ரூபாய் நோட்டிலிருந்து, அதாவது அவர்களுடைய சேடியிலிருந்து, நிக்ருமாவின் முகத்தையும் எடுத்துவிட்டது.