விட்டுப் போகாமல் இருப்பதும் பற்றோடு இருப்பதும்

அரசு ஊழியரின் மனநிறைவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "மாதம் பிறந்தால் சம்பளம், யாராலும் எளிதில் வீட்டுக்கு அனுப்ப முடியாத வேலை, இதற்கு மேல் என்ன மனநிறைவு வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் எங்கள் தருமபுரிப் பக்கம் நிறையப் பேர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மானாவாரி நிலத்தையும் பெங்களூருவின் கட்டட வேலையையும் மாறிமாறி நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில், வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை கிடைப்பது என்பது மூன்று தலைமுறைக்கான நிம்மதி. ஆனாலும் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த நிம்மதியும் பணியில் மனநிறைவும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைவிட முக்கியமாக, வேலையை விட்டுப் போகாமல் இருப்பவரை எல்லாம் பணிப்பற்று உடையவர் என்று அரசு கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் பல குழப்பங்களுக்கு வேர் என்று நினைக்கிறேன்.

முதலில் சம்பளத்தைப் பேசி முடித்துவிடலாம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுதுகிறவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் ஏராளம். இளநிலை உதவியாளரோ கிராம நிர்வாக அலுவலரோ 19,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறார். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்துவிட்டு வருகிற இளைஞனுக்கு அது பெரிய ஏற்றம்தான். 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் ஆராய்ந்து சொன்ன முடிவு இன்றும் இங்கே பொருந்துகிறது. ஊதியமும் பணிச்சூழலும் மேலதிகாரியின் நடத்தையும் சரியில்லாவிட்டால் மனக்குறை வரும். அவை சரியாக இருப்பதனாலேயே மனநிறைவு வந்துவிடாது. சாதித்தோம் என்ற உணர்வும் அங்கீகாரமும் பொறுப்பும் வேலையின் தன்மையுமே மனநிறைவைத் தருகின்றன என்பது அதன் சாரம். அந்த ஆய்வுமுறைக்குப் பிற்காலத்தில் மறுப்புகள் வந்தன என்றாலும், எங்கள் அலுவலகங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. புது ஊதியக் குழுவின் நிலுவை கைக்கு வந்த மகிழ்ச்சி மேலதிகாரியின் அடுத்த ஆய்வுக் கூட்டம் வரைகூடத் தாங்கியதில்லை.

கொடுத்ததை எடுத்துக்கொண்டால் மட்டும் காயம் ஆழமாகப் படுகிறது. 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்ததால், ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்கு ஓய்வூதியம் உறுதியாக இருந்தது, மற்றவருக்கு அது நீண்டகாலம் கேள்விக்குறியாக நின்றது. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட சரண் விடுப்பு, அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் உரிமை, பல ஆண்டுகள் கழித்தே திரும்பியது. தொகையைவிட, நம்மைக் கேட்காமலே செய்தார்கள் என்ற எண்ணம்தான் அங்கே நெடுநாள் நின்றது.

ஆனால் எங்கள் இரு மாவட்டங்களிலும் பணியாளரின் மனத்தை உண்மையில் ஆட்டிவைப்பது இடமாறுதல். தருமபுரியையும், அதிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரியையும் வேலையைத் தொடங்குகிற ஊராகவோ தண்டனையாக அனுப்பப்படுகிற ஊராகவோ பார்க்கும் வழக்கம் தலைமைச் செயலகம் வரை இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து இங்கே நியமனம் பெற்று வரும் ஆசிரியர் பலர் முதல் மாதத்திலிருந்தே மே மாதக் கலந்தாய்வை எண்ணத் தொடங்குகிறார்கள். வயதான பெற்றோரும் பிள்ளைகளும் திருநெல்வேலியில் இருக்க, அரூரில் வாடகை அறையில் தனியே இருப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சொந்த ஊருக்குப் போக விரும்புவது குற்றமும் அல்ல. வரிசையில் நிற்பது யாரையும் கசப்பாக்குவதில்லை; தனக்குப் பின்னால் நின்றவர் பரிந்துரைக் கடிதத்தோடு கலந்தாய்வுக்கு வெளியே "நிர்வாக நலன் கருதி" ஆணை வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதுதான் கசப்பு உண்டாகிறது. அன்றைக்கு அவருக்குள் முறிவது அந்தப் பள்ளியின் மீதான பற்று அல்ல, முறையாக நடந்தால் முறையாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அது முறிந்தபின் எந்தப் பயிற்சி வகுப்பும் அவரைப் பழையபடி ஆக்கப் போவதில்லை.

மாறுதலின் மறுபக்கம் 'பொறுப்பு'. ஒருவர் போய்விட்டால் அந்த இடத்துக்கு ஆள் வரும்வரை பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் கூடுதல் பொறுப்பு பார்க்க வேண்டும்; அந்த "வரும்வரை" சில நேரங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். தன் கிராமத்தில் யாருக்கு எந்தப் புல எண்ணில் தகராறு, எந்த முதியவரின் உதவித்தொகை எதனால் நின்றது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், பொறுப்புக் கிராமத்தில் வெறும் கையெழுத்துப் போடுகிறவராக ஆகிவிடுகிறார். இரண்டு கிராமத்து மக்களும் அவரைத் திட்டுகிறார்கள், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி வந்தால் இரண்டு கிராமக் கணக்குக்கும் அவரே நிற்க வேண்டும். பட்டா மாறுதல் மனு நிலுவை என்றால் அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். நில அளவர் பணியிடம் காலியாக இருப்பதற்கு யாருக்கும் குறிப்பாணை வராது. தன்னால் முடிக்க முடியாத வேலைக்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருப்பதைவிட மனநிறைவைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை என்பேன்.

இதற்கிடையே திட்டங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலையில் தொப்பூரிலும், ஊரகப் பகுதிகளுக்கான மக்களுடன் முதல்வர் திட்டம் 2024 ஜூலையில் பாளையம்புதூரிலும் தொடங்கின. பின்தங்கிய மாவட்டம் என்பதால் இங்கே தொடங்குகிறார்கள். அதில் எனக்குப் பெருமையே. மூன்றும் மக்களுக்குத் தேவையானவையும்கூட. ஆனால் ஒவ்வொரு முகாமுக்கும் மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே வேறு வேலை உள்ளவர்கள்தான். முகாமில் வாங்கிய மனு மறுநாள் அவர்களுடைய அலுவலகத்துக்கே வந்து சேரும், பழைய மனுக்களின் மேல். புதிய திட்டத்துக்குப் பெயர் வைக்க எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைப் புதிய பணியிடம் ஒப்பளிப்பதில் காட்டினால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும். (இதை நான் பணியில் இருந்தபோது சொல்லியிருக்க முடியாது, நடத்தை விதிகள் இடம் கொடுக்காது.)

மனநிறைவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு கிராம சுகாதாரச் செவிலியரைச் சொல்வேன். மலையடிவாரத்துத் துணை சுகாதார நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவர். குழந்தைத் திருமணமும் இளவயதுக் கர்ப்பமும் இன்னும் முற்றாக ஒழியாத பகுதி அது. இரத்தசோகை உள்ள பெண்ணின் வீட்டுக்கு மூன்றாம் முறையாகப் போய், மாமியாரைச் சமாதானம் செய்து, பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறும். அவரே பிக்மி என்ற கர்ப்பிணிகளுக்கான கணினிப் பதிவைப் பற்றிப் பேசினால் வேறு ஆளாகிவிடுவார். கர்ப்பிணியின் விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும், அதே விவரத்தைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும், சிக்னல் கிடைக்காத ஊரிலிருந்து அன்றைய எண்ணிக்கையை மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும். பிழைத்த உயிருக்குக் கேள்வி கேட்பார் இல்லை, ஏறாத எண்ணிக்கைக்கு மட்டும் அன்றே கேள்வி வரும் என்று ஒருமுறை சொன்னார். அவரைப் பணியில் வைத்திருந்தது முதல் வகை நாட்கள்தான். இரண்டாவது வகை கூடக்கூட அவர் விருப்ப ஓய்வைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

மேலதிகாரிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தித் திட்டுவது இன்னும் நிர்வாகத் திறமையாகவே கருதப்படுகிறது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் அப்படித் திட்டு வாங்கியவர் அதற்குப் பின் எந்தக் கோப்பிலும் சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை; எல்லாவற்றையும் "தக்க ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மேலே தள்ளிவிட்டார். அது சோம்பல் அல்ல, தற்காப்பு. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. விசாரணை முடிவதற்குள் இளையவர் மேலதிகாரியாக வந்து உட்கார்ந்திருப்பார். தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விரைவாகத் தண்டியுங்கள், அல்லது விரைவாக விடுவியுங்கள் என்பதுதான் கோரிக்கை.

பணிப்பற்றுக்கு வருகிறேன். கனடாவைச் சேர்ந்த மேயர், ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: விரும்பி இருப்பது, விட்டால் இழப்பு என்பதால் இருப்பது, இருப்பதே கடமை என்று கருதி இருப்பது. ஓசூரில் தனியார் நிறுவனத்தில் இருக்கும் என் உறவுக்காரப் பையன் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனம் பார்த்துக்கொள்கிறான். அதனால் அவன் நிறுவனத்துக்கு ஆள்களின் மனக்குறை உடனே தெரிந்துவிடுகிறது. அரசு அலுவலகத்தில் விருப்பம் வற்றிப்போனவரும் அதே நாற்காலியில் அறுபது வயது வரை இருப்பார். வருகைப் பதிவேட்டைப் பார்த்து முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்தறிய முடியாது. மனு கொடுக்க வரும் கிழவிக்கு மட்டும் அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

பற்று யார்மேல் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில், சந்தனமரக் கடத்தலைத் தேடப் போவதாகச் சொல்லிக்கொண்டு நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஊழியர்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகள் வழக்கு இழுத்ததற்கு ஒரு காரணம், துறை தன் ஆட்களைக் காத்துக்கொண்டது. அதையும் பற்று என்றுதான் உள்ளே இருப்பவர்கள் எண்ணியிருப்பார்கள். துறையின் மீது மட்டும் இருக்கும் விசுவாசத்தை நான் பணிப்பற்றுக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பழைய துறைக்கும் அது பொருந்தும்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. கூடுதல் பொறுப்புக்கு ஆறு மாதம் என்று ஒரு வரம்பு வைக்கலாம். கலந்தாய்வுக்கு முன் காலியிடங்கள் அனைத்தையும் மறைக்காமல் வெளியிடலாம். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போன கோட்டூர் மலை போன்ற மலைக் கிராமங்களில் மூன்றாண்டுகள் முடித்தவருக்கு, யாருடைய கடிதமும் இல்லாமல், அவர் கேட்கும் ஊரை முதலில் கொடுக்கலாம். இந்தக் கடைசி யோசனைக்கு நிதித்துறையின் ஒப்புதல்கூடத் தேவைப்படாது.