ஃபெர்குசன் முதல் கோப்பைக்கு 7 ஆண்டுகள் காத்திருந்தாரா?

இங்கிலாந்து கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தடுமாறும்போதெல்லாம், "ஃபெர்குசனே 7 வருஷம் எதையும் ஜெயிக்கல, இந்தக் கோச்சுக்கும் டைம் கொடுங்க" என்ற பதிவு சுற்றத் தொடங்கிவிடுகிறது. இது தவறு.

அலெக்ஸ் ஃபெர்குசன் யுனைடெட்டின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றது 1986 நவம்பர் 6. அணி அப்போது இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் 22 அணிகளில் 21ஆவது இடம். அந்த சீசனை 11ஆவதாக முடித்தது. அடுத்த சீசனிலேயே லிவர்பூலுக்கு அடுத்து 2ஆம் இடம். பதிவு போடுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பிறகு சரிவு வந்தது உண்மைதான். 1989-90இல் 48 புள்ளிகளுடன் 13ஆவது இடம்; கீழ்நிலை லீக்குக்குத் தரமிறங்கிய ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணியைவிட 5 புள்ளிகளே அதிகம். ஆனால் அதே சீசனில் இங்கிலாந்தின் நாக்அவுட் தொடரான எஃப்ஏ கோப்பை கிடைத்தது: கிரிஸ்டல் பேலஸுடன் இறுதி ஆட்டம் 3-3, ஐந்து நாள் கழித்து 1990 மே 17இல் நடந்த மறு ஆட்டத்தில் லீ மார்ட்டின் அடித்த ஒரே கோலில் வெற்றி. அதாவது முதல் கோப்பைக்கு மூன்றரை ஆண்டு. 1991இல் பார்சிலோனாவை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பை, 1992இல் இன்னொரு நாக்அவுட் தொடரான லீக் கோப்பை.

ஆறரை ஆண்டு ஆனது, சீசன் முழுதும் சேர்த்த புள்ளிகளால் முடிவாகும் லீக் பட்டத்துக்கு, 1993இல். முதல் கோப்பை, முதல் லீக் பட்டம் இந்த இரண்டையும் குழப்பியதில்தான் '7 வருஷம்' பிறந்தது. இன்றைய பயிற்சியாளரை ஆதரிப்பவர்கள் தாராளமாக ஆதரிக்கட்டும். அதற்கு அவருடைய ஆட்டங்களிலிருந்தே சான்று காட்ட வேண்டும்.