மருந்தடித்தவர்களை யாரும் கேட்கவில்லை

மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி மின்சாரம் கொடுத்ததும் நடுங்கிய கை நின்றுவிடுகிற காணொளி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்குச் செய்கிற ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை. எல்லாரும் அதிசயம் என்கிறார்கள், அதிசயம்தான். தோட்டத்தில் களைமருந்து அடித்த நம் அம்மாக்களுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார்கள். பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளிடம் பார்க்கிற நிலை அது. அவர்கள் போட்டுக்கொண்ட போதை ஊசியில் எம்.பி.டி.பி. என்ற நச்சு கலந்திருந்ததை டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டுபிடித்தார். உடல் அசைவுக்குத் தேவையான டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களை அது தேடிப்போய்க் கொன்றிருந்தது.

அப்புறம் அதே நச்சைக் குரங்குகளுக்குக் கொடுத்துத்தான், இந்த நோயில் மூளையின் எந்தச் சுற்று கெடுகிறது என்று ஆராய்ந்தார்கள். சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பகுதி. அதை முடக்கினால் உறைந்த குரங்கு மறுபடி நடமாடுகிறது என்று 1990இல் மாலன் டிலாங்கின் குழு காட்டியது. பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் 1987லேயே மூளையின் தலாமஸ் என்ற வேறொரு பகுதிக்கு மின்தூண்டல் கொடுத்து நடுக்கத்தை அடக்கியிருந்தார். 1993இல் அந்த முறையை இந்தச் சிறு பகுதிக்குக் கொண்டுபோனார். எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் குறிபார்த்து இன்று கம்பி இறக்கப்படுகிற முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று.

எம்.பி.டி.பி. மூளைக்குள் போய் வேறொரு பொருளாக மாறித்தான் செல்களைக் கொல்கிறது. அந்தப் பொருளின் வேதி அமைப்பு பாராகுவாட் என்ற களைமருந்தின் அமைப்புக்கு மிக நெருக்கமானது. ஆமாம், முதுகில் பம்பைச் சுமந்து, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, செம்பனை நிரைகளில் நம் பெண்கள் அடித்த அதே பாராகுவாட். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து, களைமருந்து அடிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகம் என்று 2011இல் அது வெளியானது. மலேசியா இந்த மருந்தை 2002இல் தடைசெய்யப் புறப்பட்டு, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடைசெய்தது. இடைப்பட்ட வருடங்களில் அதைச் சுவாசித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

என் அத்தை மருந்தடித்தவர். இன்று அவருக்குப் பார்க்கின்சன். மருந்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, தனி ஓர் ஆளைக் காட்டி அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் வயது, ரத்த அழுத்தம், இனிப்புநீர் எல்லாம் கேட்ட டாக்டர்கள், என்ன வேலை செய்தீர்கள் அம்மா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை நடுங்க ஆரம்பிக்கும்போதே டோப்பமின் செல்களில் கணிசமான பகுதி போயிருக்கும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. டோப்பமின் குறைவைக் காட்டும் ஸ்பெக்ட் படம் வேறு. மின்தூண்டல் நடுக்கம், இறுக்கம், மந்தமான அசைவு ஆகியவற்றைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. தள்ளாட்டத்துக்கும் பேச்சுக் குழறலுக்கும் அவ்வளவாக உதவாது. ஞாபகம் மிகவும் தேய்ந்தவர்களுக்குப் பொதுவாகச் செய்வதும் இல்லை. அதனால் "வயசானா கை நடுங்கத்தான் செய்யும்" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நம் நாட்டிலேயே இந்த நோயை ஆராயும் நிபுணர்கள் இருக்கிறார்கள். மருந்தடித்த பெண்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடி, பதிவு செய்து, மூளைப் படம் எடுத்து ஆராய வேண்டும் என்று நாம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். விஷத்திலிருந்து கிடைத்த அறிவின் பலன் விஷத்தைச் சுமந்தவர்களுக்கு முதலில் போய்ச் சேருவதுதான் நியாயம்.

அது நடக்கும்வரை பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். அம்மா எந்தத் தோட்டத்தில், எந்த வருடங்களில், என்ன மருந்து அடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். மருந்தின் பெயர் ஞாபகம் இல்லையென்றால் கூட வேலை செய்தவர்களிடம் விசாரியுங்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.