கதவைத் தட்டும் ஒலி

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று திகில் கதைகளை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'தி மங்கீஸ் பா' என்ற சிறுகதை, ஷெர்லி ஜாக்சனின் 1959-ஆம் ஆண்டு நாவலான 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', ஸ்டீபன் கிங்கின் 1983-ஆம் ஆண்டு நாவலான 'பெட் செமட்டரி'. இந்த வயதில் பேய்க்கதையா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு சாவு விழுந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்களின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் எழுத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை என்பதே என் பதில்.

ஜேக்கப்ஸின் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவர் கொண்டுவந்த குரங்கின் பாதம் மூன்று வரங்கள் தருகிறது. வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார் கிழவர் வொயிட். மறுநாள் மகன் இயந்திரத்தில் சிக்கி இறக்க, நிறுவனம் தரும் இழப்பீடு சரியாக 200 பவுண்டு. இதுவரை யாரும் ஊகித்துவிடலாம். என்னை உலுக்கியது அதற்குப் பின் வரும் ஒரு சிறிய இடம். இறந்து பத்து நாளான மகனைத் திரும்பக் கேட்கும்படி தாய் மன்றாட, தந்தை நடுங்கிக்கொண்டே கேட்டுவிடுகிறார். எதுவும் நடக்காததால் இருவரும் படுக்கைக்குத் திரும்புகிறார்கள். பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. கல்லறை இரண்டு மைல் தள்ளி இருப்பதை மறந்தே போனேன் என்கிறாள் தாய். பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைக்காக வாசலில் நிற்கிற எந்த அம்மாவும் போடும் கணக்கு அது. உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாளை எட்ட அவள் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்கும்போதே தந்தை மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது தெருவில் யாரும் இல்லை. வந்து நின்றது எப்படி இருந்தது என்று ஜேக்கப்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜாக்சனின் நாவலிலும் தட்டும் ஒலிதான். எலினார் நோயாளியான தன் தாயைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள். இப்போது அவளுக்கு வயது 32, தாய் இறந்துவிட்டாள். ஹில் ஹவுஸ் என்ற பேய் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் இரவு சுவர் அதிர யாரோ தட்ட, தூக்கக் கலக்கத்தில் அவள் வாயில் வரும் சொல், இதோ வருகிறேன் அம்மா என்பது. பிற்பாடு அவளே சொல்கிறாள்: தாய் இறந்த இரவு சுவரைத் தட்டி அழைத்தாள், நான் எழவில்லை, ஒருவேளை விழித்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனேனோ என்னவோ.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தந்தை கடைசி எட்டு மாதங்கள் படுத்த படுக்கையாக இருந்தார். குரல் எழும்பாததால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஓர் இரவு இரண்டு முறை தட்டியது எனக்குக் கேட்டது. மூன்றாவது முறை தட்டினால் எழலாம் என்று புரண்டு படுத்தேன். அவர் மூன்றாவது முறை தட்டவில்லை. காலையில் நன்றாகத்தான் இருந்தார். இரவு தண்ணீர் தாகமாக இருந்தது என்று மட்டும் சொன்னார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அமெரிக்காவில் 1959-இல் ஒரு பெண் எழுதிய பேய்க்கதையில் அது அப்படியே இருந்தது.

கிங்கின் நாவலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். மேய்ன் மாநிலத்தில் லாரிகள் விரையும் சாலையோரம் அவர் குடியிருந்தபோது மகளின் பூனை அடிபட்டுச் செத்தது. சிறு மகன் ஒருநாள் அந்தச் சாலையை நோக்கி ஓடியிருக்கிறான். அந்தப் பயத்திலிருந்து பிறந்த கதையை, எல்லை மீறிவிட்டோம் என்று கருதி, முதலில் வெளியிடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். செத்ததைப் புதைத்தால் திரும்பி வரும் நிலம் என்பது ஜேக்கப்ஸின் கதையே நீண்டதுபோலத்தான். ஆனால் ஜேக்கப்ஸ் மூடியே வைத்த கதவைக் கிங் திறந்து காட்டுகிறார். காட்டியதும் பயம் குறைந்து அருவருப்பே மிஞ்சுகிறது. வெண்டிகோ என்ற பூதத்தைக் கொண்டுவந்து காரணம் சொல்லியிருக்கவும் வேண்டாம். இவ்வளவு குறை சொன்னாலும், கதைநாயகனின் மனைவி ரேச்சல் தன் அக்கா ஸெல்டாவின் மரணத்தைக் கணவனிடம் சொல்லும் பகுதிக்காக இந்த நாவலைக் கொண்டாடுவேன். முதுகுத்தண்டு நோயால் உருக்குலைந்த அக்காவோடு எட்டு வயதுச் சிறுமி தனியாக இருந்த நேரத்தில் உயிர் போகிறது. வெளியே ஓடிவந்து கத்திய அவள் அழுததாகவே அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். தான் சிரித்திருக்கக்கூடும் என்று அவள் இப்போது சொல்கிறாள். நெடுநாள் நோயாளியை வைத்துப் பார்த்த வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த நிம்மதியைச் சொல்ல ஒரு திகில் நாவல் துணிந்திருக்கிறது.

நம்மிடம் புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் நள்ளிரவுப் பிண வாடையை வீசவிட்டு, நடந்தது மெய்யா மனமயக்கமா என்ற முடிச்சை அவிழ்க்காமலேயே நிறுத்தினார். அண்மையில் நான் படிக்கும் தமிழ்ப் பேய்க்கதைகள் பலவற்றில் ஆவிக்கு ஒரு முன்கதை, அதில் ஓர் அநியாயம், கடைசியில் பழிவாங்கல் என்று எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். கணக்குத் தீர்ந்தபின் இரவில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜேக்கப்ஸின் கதையை முதலில் படியுங்கள். அரை மணி நேரம் போதும். வீட்டில் இப்போது படுக்கையில் யாரையேனும் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் ஸெல்டா வரும் அத்தியாயத்தைச் சில காலம் தள்ளிப் போடுங்கள்.