குழல் மினுங்கினால் போதுமா?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘பழைய .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) இலக்குத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லை. குழல் மினுங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ இரண்டுமே பிழை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் கட்டாயம். சந்தேகமென்றால் பாதுகாப்பு அமைச்சில் கேட்டுப் பாருங்கள்.

மினுக்கத்தை எண்ணெய் பூசியே கொண்டுவரலாம். ரவை இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) கழற்றி, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கருவளையம் தெரிகிறதா? குழல் வீங்கியிருக்கலாம். குழலின் வாய்விளிம்பில் நகம் தட்டும் சிறு வடுகூடக் குண்டைத் திசைதிருப்பும். தீர்ப்பு, அனுமதி பெற்ற சுடுதளத்தில், 50 மீற்றர் தூரத்து இலக்குத் தாளில்தான். அதில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர். சுட்டுப் பார்க்க விடாதவரிடம் என்ன பேரம்?

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.